பெரியப்பா வீட்டுச் சுவரில் உங்கள் போஸ்டர்

என் ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஊர் வழக்கப்படி நினைவஞ்சலிப் போஸ்டர் அடித்து ஒட்டினேன். அதனால் இப்போது உங்கள் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

சம்பா நடவுக்கு இறங்கியபோது உங்கள் கால் விரலிடுக்கில் புண் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சேற்றில் நிற்கிற எல்லோருக்கும் வருகிற சேற்றுப்புண் என்றுதான் நினைத்தோம். நான்தான் மருதாணி அரைத்து வைத்துவிட்டேன். அந்தச் சிவப்பில் விரல் கறுத்தது தெரியவில்லை. உங்களுக்கு வலிக்கவும் இல்லை. வலிக்காததை நல்லது என்று நினைத்த முட்டாள் நான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், "பல வருஷமா சுகர் இருந்திருக்கு. குடும்பத்துல வேற யாருக்கும் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். "எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றார் பெரியப்பா. காலை எடுத்தும் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியம்மா வாய்விட்டு அழுதபடி என்னிடம் உளறிவிட்டார். "ஒங்க தாத்தா காலும் சுகராலதான்டி போச்சு. பொண்ணுங்க கல்யாணத்துக்கு நின்ன நேரம், வெளிய தெரிஞ்சா வரன் வராதுன்னு, கால் டிராக்டர்ல மாட்டிக்கிச்சுன்னு ஒங்கப்பாகிட்டகூட சொல்லிட்டோம். ஒன் பெரியப்பாவே பதினஞ்சு வருஷமா மாத்திரை போடுறாருடி."

தாத்தா காலத்துப் பொய்யையாவது பொறுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டில் மாத்திரை விழுங்கிக்கொண்டே, கூடப்பிறந்த தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாத மனிதரை எப்படிப் பொறுப்பது?

அதனால் போஸ்டரில் உங்கள் படத்துக்குக் கீழே இப்படி அடித்தேன்: 'சர்க்கரை நோயால் காலை இழந்தவரின் மகன். பதினைந்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரின் தம்பி. யாரும் சொல்லாததால் இறந்தவர்.' பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருக்கும் பெரியப்பா வீட்டுச் சுவரில் மட்டும் நாலு ஒட்டச் சொன்னேன்.

"பேத்திக்கு வரன் பாக்குற நேரத்துல மானத்த வாங்கிட்டியேடி!" என்று ஓடிவந்தார்.

"நீங்க எங்கப்பா உயிரையே வாங்கிட்டீங்களே பெரியப்பா" என்றேன்.

மறுநாள் காலை அந்தப் பேத்தியே வெறும் வயிற்றோடு வந்து நின்றாள். "அத்தை, எனக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்." எடுத்தோம். அவளுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கவனிக்காவிட்டால் வந்துவிடும் என்கிறது ரிப்போர்ட். எனக்கு வந்தேவிட்டது. இரண்டையும் பெரியப்பா வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். "போதும்மா, படிக்காத" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை.

நீங்கள் இருந்திருந்தால் அண்ணனை மன்னித்திருப்பீர்கள், இல்லையா? அதுதான் உங்கள் மேலும் எனக்குக் கோபம்.

தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன் அப்பா. அவளையும் பார்க்க வைக்கிறேன். இந்தக் குடும்பத்தில் இனி ஒரு காலைக்கூட அந்தப் பொய்க்குக் கொடுக்க மாட்டேன். உங்களிடம் வரும் நாளில் இரண்டு காலாலும் நடந்தே வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனை மன்னிக்காத,
உங்கள் மூத்த மகள்