வெட்டாமல் விட்ட செங்கவருக்கை

என் பிரியத்துக்குரிய அண்ணே,

நீ போனபிறகு இந்த வீட்டில் ஒருத்தரையும் நம்ப முடியவில்லை. அதை வேற யாரிடம் சொல்ல?

போன மாசம் நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் என் மகன் சுரேஷை வெளியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். திரும்பி வந்தவன், "கேஸ்தாம்ப்பா, பயப்படாண்டாம்" என்றான். வெறும் வாயுவுக்கு எதுக்கு வெளியே போய்ப் பேசணும்?

அன்றுமுதல் கண்ணை விரிச்சே வைத்திருக்கிறேன். கத்தாரில் லீவே கிடைக்காதவனுக்கு இப்போது லீவு முடிகிறதே இல்லை. காலமெல்லாம் மலிவான சாளை மீனே வாங்கின சரசு எனக்கு நெய்மீன் பொரித்து வைக்கிறாள். அடுக்களைக்குள் நான் தலையை நீட்டினால் தாயும் மகனும் பேச்சை நிறுத்துகிறார்கள். கேட்டால், "ஒண்ணுமில்லே, தேங்கா வெலையாக்கும் பேசினோம்" என்கிறாள் உன் தம்பி பொண்டாட்டி. தேங்காய் விலையை ரகசியமாகவா பேசுவார்கள்?

பிறகுதான் இரணியலில் இருந்து தடி வியாபாரி வந்தார். நம்ம வீட்டைச் சுற்றின விளையில் மிஞ்சி நிற்கிற செங்கவருக்கை மாமரத்தைப் பலகைக்குக் கேட்டார். சுரேஷ் சரி என்று சொல்லப் போனான். உள்ளே இருந்து சரசு வந்து, "அது நிக்கட்டும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதான் எனக்கு விளங்கிச்சு அண்ணே. நீ செத்த அன்று கிணற்றடி மாமரத்தை வெட்டித்தானே உனக்குச் சிதை அடுக்கினோம். வீட்டில் சாவு விழுந்தால் விளையில் நிற்கிற மாமரம்தான் என்பது நம்ம வழக்கம். கோடாலிச் சத்தம் கேட்டுத்தான் தெக்குவீட்டுக்காரங்களே ஓடி வந்தார்கள். அப்போ இந்த மரம் எனக்கு. எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

உனக்கும் முன்னமே தெரிஞ்சிருந்ததா? கடைசி வாரம் அந்தக் கிணற்றடி மரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தியே, அது எதுக்கு?

நேற்றுக் காலையில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "உள்ளதச் சொல்லு சரசு. அந்த மரத்த யாருக்கு வச்சிருக்க?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "எனக்காக்கும்."

"ஒனக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. அதுக்காவ போகாம இருந்திருவேனா? கடையில கண்ட வெறகையும் வாங்கி என்னப் பாதி எரிச்சுப் போட்டிருவியோ ரெண்டுபேரும்." சொல்லிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள்.

பிறகு மிச்சத்தையும் அவளே சொன்னாள். சுரேஷுக்குக் கத்தாரில் வேலை போய்விட்டதாம். என் நெஞ்சு தாங்காது என்று அதைத்தான் மறைத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னதும் கேஸ்தானாம். அதை நான் இன்னும் முழுசா நம்பவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் கேஸாக இருந்தாலும் நான் இருந்துவிடப் போகிறேனா? அவள் உலை வைக்கிற நேரத்தில் சொன்னதை நான் இத்தனை நாள் கதவிடுக்கில் காதை வைத்துத் தேடியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயம் கொஞ்சம் குறைந்தும் போனது.

ஒரு மரம், ஆள் ரெண்டு. சாயங்காலம் செங்கவருக்கை மாங்கா அண்டி ஒன்றைக் கிணற்றடியில், உன் மரம் நின்ற இடத்தில், ஊன்றினேன். சரசு தண்ணி ஊற்றினாள். "முந்திப் போறவங்களுக்குப் பெரிய மரம்" என்றேன். "சரி, அதுக்காவ ஓடாண்டாம்" என்றாள்.

இனி கதவிடுக்கில் காது வைக்க மாட்டேன் அண்ணே, இது உனக்குத் தருகிற வாக்கு. என்றைக்காவது விளையில் கோடாலிச் சத்தம் கேட்டு, அது எனக்கு என்றால், யாரையும் சந்தேகப்படாமல் உன்கிட்ட எழுந்து வருவேன்.

அதுவரை இந்த அண்டிக்குத் தண்ணி ஊற்றுகிற,
உன் கூடப்பிறந்த தம்பி