பீலிக்கு மேல் வலை

பங்குனி 9, திங்கள்

வெயில். காற்று. ரப்பர் இலை கொட்டி முடிந்தபாடில்லை. கூரை ஓரத்துத் தகரப் பீலி முழுக்கச் சருகு. அதில் இறங்கும் மழைத் தண்ணீர்தான் தொட்டிக்கு, கிணறு சேறாகிவிட்டது. செல்லம்மாவுக்கு ஏழாம் மாதம். தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு நேற்றெல்லாம் வாந்தி.

என் நொண்டிக் காலை வைத்துக்கொண்டு ஏணி ஏற முடியாது. ஏறக்கூடியவன் தம்பி மாணிக்கம். சயாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிப்பதால் அவன் பத்து நாளாகப் பரண்மேல். கேட்டவர்களிடம் சுங்கைப்பட்டாணி போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பங்குனி 10, செவ்வாய்

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுத ஒன்றுமில்லை, ஈ ஓட்டினேன். பீலிக்கு மேல் கம்பி வலை போட்டால் என்ன?

நல்லது: சருகு விழாது. தண்ணீர் நாறாது. முக்கியமாக, தம்பி மா. அடிக்கடி கூரையேறி யார் கண்ணிலும் பட வேண்டாம்.

கெட்டது: துரு. உள்ளே எலி செத்தாலும் தெரியாது. வலைக்கு எங்கே போவது?

மூடிக் கிடக்கும் பால் கொட்டகையில், மரப்பால் வடிகட்டும் வலைகள் தொங்குகின்றன. பாலையே வடிகட்டுகிற வலைக்குத் தண்ணீர் எம்மாத்திரம்.

பங்குனி 12, வியாழன்

விடியுமுன் மா. ஏறி வலையைக் கட்டிவிட்டான். இதுதான் கடைசி ஏற்றம் என்று எனக்கு நிம்மதி. செல்லம்மாவுக்கு இன்று வாந்தி இல்லை. மரவள்ளிக்கிழங்கு. உப்பு தீர்ந்தது.

பங்குனி 15, ஞாயிறு

காலையிலிருந்து அடைமழை. தொட்டிக்கு ஒரு சொட்டு இல்லை. வலைக்கண் அத்தனை பொடிசு. ஈர இலைகள் அதன்மேல் படிந்து அப்பளமாக ஒட்டிக்கொண்டன. தண்ணீரெல்லாம் வாசலில் கொட்டுகிறது. முட்டாள்தனம், என்னுடையதுதான்.

வாளி வைத்துப் பிடித்தாள் செல்லம்மா. "ரெண்டு வாளி போதுங்க. தம்பி ஏற வேணாம்."

ஒரு மாதத் தண்ணீர் வீணாகிறதே என்று எனக்கு அடங்கவில்லை. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று சொல்லி, கத்தியைக் கொடுத்து மா.வை ஏற்றிவிட்டேன். பாதி வலையை அறுத்திருப்பான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரயில் பாதைக்கு ஆள் கணக்குக் கொடுக்கும் மண்டோர் வந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"மாணிக்கம் எப்ப வந்தாப்ல, கிராணி?"

இன்று காலைதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மாலை, தோட்டத்து வழி இரண்டிலும் காவல். காட்டு வழியாக ஓடிவிடு என்றேன். தான் ஓடினால் என்னை இழுத்துப் போவார்கள், அண்ணி இருக்கிற நிலைமையில் அது ஆகாது என்றான்.

பங்குனி 16, திங்கள்

மழை விட்டிருந்தது. எட்டு மணிக்கு லோரி. எங்கள் லயத்துப் பக்கமிருந்து ஆறு பேர், மா.வோடு ஏழு. செல்லம்மா வெளியே வரவில்லை. உள்ளே அவள் அழுவது ரோடு வரைக்கும் கேட்டது.

நான்தான் ஏறச் சொன்னேன்.

லோரியில் ஏறிய பிறகு குனிந்து கூப்பிட்டான்.

"மேற்குப் பக்கம் இன்னும் அறுக்கலண்ணே. நீங்க ஏறாதீங்க. வேற யாரையாச்சும் விட்டு அறுங்க."

சரிடா என்றேன்.