சுத்தமாக வந்த வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகளிடம் காட்டிச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். நான் இங்கே மூக்கைச் சிந்தினால் அங்கே உன் மாமியார் வரைக்கும் கேட்கும். இது உனக்கு மட்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நாலு பேரும் வருகிறீர்கள், ஏர்போர்ட்டிலேயே வாடகைக்கு வண்டி எடுக்கப் போகிறாய், "நீ அங்கதானக்கா வேல பாக்குற, சொல்லிக் கொறச்சு வாங்கிக் குடு" என்றாய். தம்பி, பதினோரு வருஷமாக அந்த வண்டிகளைக் கழுவுகிறேன். கவுண்டரில் இருப்பவர்களுக்கு என் முகம் தெரியாது. அவர்கள் மேலே ஏசியில், நாங்கள் இரண்டு மாடி கீழே தண்ணீரில். குறைத்துக் கொடுக்க என்னால் ஆகாது. ஏமாறாமல் இருக்க வழி சொல்ல முடியும். அதைச் சொல்லவும் எனக்குக் குமட்டுகிறது, ஏனென்றால் அதில் பாதி என் கையால் நடப்பது.

கார்டு உன் பெயரில் இருக்க வேண்டும். எவன் ஓட்டுகிறானோ அவன் பெயரில் கிரெடிட் கார்டு இல்லாவிட்டால் சாவி தர மாட்டார்கள். உன் மச்சான் கார்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே. போன வாரம் ஒரு குடும்பம் அப்படி வந்து, கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. நான் பினாயில் வாங்க மேலே போனபோது பார்த்தேன். கவுண்டர்ப் பெண் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். கார்டில் பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள், வண்டி திரும்பின பிறகுதான் விடுவார்கள். எவ்வளவு, எத்தனை நாளில் விடுவார்கள் என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கு. அதிலேயே சாப்பாட்டுக் காசையும் வைத்துக்கொண்டு வந்தால் நாலு பேரும் பட்டினி.

இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். "நிம்மதியாப் போயிட்டு வாங்க சார்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு திரையை உன் பக்கம் திருப்புவார்கள். அதில் ஏழெட்டுக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருக்கும். விரலை வைக்காதே. இது என்ன, இது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேள். புக் பண்ணும்போதே கட்டின காகிதத்தை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்படாதே. அந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. பெட்ரோல் நிரப்பித் தருவார்கள், நிரப்பித்தான் திருப்பித் தர வேண்டும். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துப் பங்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள். உன் பெண்டாட்டியும் ஓட்டுவாள் என்று வாயைத் திறந்தால் அதற்குத் தனிக் காசு. சும்மாவே அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன்னை ஓட்டுவாள், அது இலவசம்.

இப்போது என் கை செய்வதைச் சொல்கிறேன். வண்டியைக் கொடுக்கும்போது ஈரமாகக் கொடுப்போம். கழுவி முடித்துத் துடைக்காமல், சொட்டச் சொட்ட. வெளிச்சம் கம்மியான மூலையில் கொண்டுபோய் நிறுத்துவோம். பார்க்கிறவர்கள் அடடா இப்போதுதான் கழுவியிருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவார்கள். ஈரத்தில் கீறல் தெரியாது, தம்பி. திருப்பிக் கொண்டு வரும்போது நாங்களே நன்றாகத் துடைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்தி, ஒருத்தன் விரலால் தடவிப் பார்ப்பான். முன்னால் யாரோ போட்ட கீறலுக்கும் சேர்த்து இவர்கள் தலையில் பில் விழும். துடைக்காதே என்பது எங்களுக்கு உத்தரவு. துடைக்கவில்லை. பதினோரு வருஷம். இன்றைக்கு அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். நீ ஒரு துணி கொண்டு வா. துடை. சுற்றி வந்து வீடியோ எடு. உட்காருகிற சீட்டையும் எடு. சீட்டை மறக்காதே.

ஏன் சீட்டு என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உன் மாமா, என் வீட்டுக்காரர், போன அன்றைக்கு உனக்குப் போன் பண்ணி, தூங்குகிற மாதிரிப் போய்விட்டார், ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னேன் அல்லவா. அது பொய். உள்ளது இதுதான்.

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவராம். பேத்தியைப் பார்க்க வந்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். உன் மாமாதான் வண்டியை வாங்கினார், திரும்பி வருகிற வண்டிகளை வாங்கி எங்கள் கழுவுமிடத்துக்கு ஓட்டி வருவது அவர் வேலை என்று உனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியால் உள்பக்கம் எல்லாம் துடைத்துக்கொண்டிருந்தாராம். கால் மிதியை எடுத்து உதறியிருக்கிறார். சீட்டைத் தட்டியிருக்கிறார். நான் பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு வண்டி பார்க்கவில்லை. பிள்ளை கக்கினதை, பாதி தின்ற கோழி எலும்பை, இன்னும் எழுதக் கூசுகிற எதை எதையோ விட்டுவிட்டுப் போகிறவர்கள் மத்தியில் அது ஒரு வண்டி. உன் மாமா கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்தாளு நம்ம வேலைக்கு வந்தா ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றார். நான் "வரட்டும், நான் போய்த் தூங்குறேன்" என்றேன். எங்கள் கடைசிப் பேச்சு அது.

கழுவுகிற வரிசையில் உன் மாமா நாலாவதாக நின்றார். முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது, அவர் நகரவில்லை. பின்னால் இருந்தவன் ஹார்ன் அடித்தான். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டே போய், "என்ன, தூங்குறீங்களா" என்று கதவைத் திறந்தேன். ஸ்டீரிங் மேல் சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. கால்சட்டை நனைந்து சீட்டெல்லாம் நனைந்திருந்தது. வெறும் மூத்திரம் மட்டும் இல்லை. உனக்குப் புரியும். நான் முதலில் செய்தது என்ன தெரியுமா, என் ஏப்ரனை அவிழ்த்து அவர் மடியில் போட்டு மூடினேன். பிறகுதான் கத்தினேன்.

இனி நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். ஆம்புலன்சில் நான் அவரோடு போனேன். அது சனிக்கிழமை, வண்டிக்கு ஆள் காத்திருந்தது. என்னோடு வேலை பார்க்கும் நெட்டைக்காரியைக் கூப்பிட்டு சீட்டுக்கு மெஷின் போட்டுக் கழுவச் சொல்லி, வாசனை அடித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். அவள் அழுதுகொண்டே கழுவினதாகச் சொன்னாள். சரி, வியாபாரம், அதையும் விடு. அந்த மெஷின் செலவை யார் கணக்கிலாவது எழுத வேண்டும் அல்லவா. கடைசியாக ஓட்டினவர் கணக்கில் எழுதினார்கள். அந்தக் கண்ணாடிக்கடைப் பெரியவர் கார்டில் பிடித்துவிட்டார்கள். அளவுக்கு மீறிய அசுத்தம் என்று பில்லில் போட்டிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது, தம்பி.

நாலாவது நாள் உன் மாமாவின் சாமான்களை வாங்கப் போனேன். டிபன் பாக்ஸ், கம்பளிச் சட்டை, இன்னொரு ஜோடி செருப்பு. எங்கள் சூப்பர்வைசரை நாங்கள் சர்க்கரை என்போம், பேச்சு அப்படி. நம் பாஷைக்காரன்தான். மூன்று காகிதம் நீட்டினான். "ஒண்ணுமில்லக்கா, சாமான் வாங்கிக்கிட்டதுக்கு" என்றான். எனக்கு இந்த ஊர் எழுத்து படிக்கத் தெரியாது, கண்ணும் தெரியவில்லை. மூன்றிலும் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, அதில் ஒன்று, வண்டி வந்தபோதே கறையோடு வந்தது, கழுவுகிற நானே பார்த்தேன் என்று எழுதின காகிதம். அன்றைய ஷிப்டில் என் பெயர் இருந்ததால் என் கையெழுத்து வேண்டியிருந்திருக்கிறது. என் புருஷன் செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெரியவர் விடவில்லை. சீட்டைப் படம் பிடித்து வைத்திருக்கிறார், அனுப்பியிருக்கிறார். காய்ந்த பிறகு தெரிந்த கறை என்று கம்பெனி பதில் போட்டது. மறுபடி எழுதியிருக்கிறார். அதை சர்க்கரை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தான். எனக்கு எழுபத்தொரு வயது, என் அழுக்கை இன்னொருவர் கழுவும்படி நான் எங்கும் விட்டு வந்ததில்லை, காசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறார். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தப் பெரியவர் கொடுத்த புகாரைப் பற்றி நாளைக்குப் பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து என்னைப் போனில் விசாரிக்கிறார்கள். மொழி மாற்றிச் சொல்ல ஒரு பெண் இருப்பாளாம். இன்று மத்தியானம் சர்க்கரை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். பதினோரு வருஷத்தில் முதல் டீ. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்: "அவர் கடைசி நேரம் எப்படி இருந்துச்சுன்னு நாலு பேரு படிக்கிற பேப்பர்ல வரணுமாக்கா? வண்டி கறையோடவேதான் வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவருக்கும் மரியாத, ஒங்களுக்கும் வேல."

உன்னிடம் மறைக்க மாட்டேன், ஒரு நிமிஷம் தலையை ஆட்டிவிட்டேன். உன் மாமாவைத் தெரியுமே உனக்கு. கழுவுமிடத்துக்குப் போட்டுக்கொண்டு வருகிற சட்டைக்கும் இஸ்திரி போடுகிற மனுஷன். பல் குத்துகிற குச்சியைக்கூட யாரும் பார்க்காமல் எறிவார். அவரைப் பற்றி அப்படி ஒரு காகிதத்தில் எழுதி, ஆபீசு ஆபீசாகப் போய், எவனோ படித்து மூக்கைச் சுளிப்பானே என்று இருந்தது. உனக்கே பொய் சொன்னது அதனால்தான்.

பஸ்ஸில் வரும்போது அந்த டீ நெஞ்சில் நின்று எரிந்தது. இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தேன். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதம் நீயும் நானும் மாறி மாறிக் கழுவினோமே, ஒரு நாள் முகம் சுளித்தோமா? நீ அவரிடம் சிரிப்புக்காட்டிக்கொண்டே கழுவுவாய். உயிர் போகும்போது உடம்பு விட்டதை நான் அசிங்கம் என்று மறைத்துக்கொண்டு, துடைத்துக் கொடுத்துவிட்டுப் போன அந்த மனுஷன் மேல் பூச வேண்டுமாம். என் புருஷன் மரியாதைக்காகவாம். அந்த வாயால் அவர் மரியாதையைப் பற்றிப் பேசினான் பார், அதுதான் அசிங்கம். நான் ஆட்டின தலை அதைவிட அசிங்கம்.

நாளைக்குச் சொல்ல வேண்டியதை அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வண்டி சுத்தமாக வந்தது. அந்தக் கறை என் வீட்டுக்காரருக்கு உயிர் போகும்போது வந்தது. அந்தக் கையெழுத்து நான் படிக்காமல் போட்டது. மூன்று வாக்கியந்தான். முதல் இரண்டு தடவை நடுவில் இருப்பதை வாய் சொல்ல மறுத்தது. மூன்றாம் தடவை வந்துவிட்டது. துடைக்காமல் கொடுப்பதையும் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். நீங்கள் வரும்போது எனக்கு அங்கே வேலை இருக்காது என்றே வைத்துக்கொள். கவலைப்படாதே. கழுவத் தெரிந்தவளுக்கு உலகத்தில் அழுக்குக்கா பஞ்சம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நாளை போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். முகம் தெரியாத ஒரு ஆபீசுக்காரனும் மொழி மாற்றுகிற ஒரு பெண்ணும் கேட்கப் போகிற விஷயம். அதற்கு முன்னால் நம் வீட்டு ஆளுக்கு ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லிவிட்டேன். படித்துவிட்டுப் போன் பண்ணி ஆறுதல் சொல்லாதே, எனக்குத் தாங்காது. இனிமேல் யாராவது உன் மாமா எப்படிப் போனார் என்று கேட்டால், தூங்குகிற மாதிரி என்று சொல்லாதே. வேலையில் இருந்தார், சிரித்துப் பேசிவிட்டுப் போனார், அக்காதான் மூடினாள் என்று சொல். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாருக்கும் பயப்படாமல் வளரட்டும். சீக்கிரம் வா, தம்பி.

உன் அக்கா