மூன்று முறை கை தூக்கினீர்கள்

அப்பா,

இன்று காலை கிளினிக் கம்ப்ரசருக்கு நானே ஆயில் மாற்றினேன். மெக்கானிக் வர மத்தியானம் ஆகும் என்றார். அதுவரை யார் காத்திருப்பது? பழைய ஆயிலைத் திறந்துவிட்டதும் அறை முழுக்க உங்கள் சட்டை வாடை. போர்வெல் வண்டியிலிருந்து இறங்கி நீங்கள் வீட்டுக்கு வரும்போது உங்களுக்கு முன்னால் உள்ளே நுழையுமே, அதே சூடான எண்ணெய் வாடை. கல்தூள் மட்டும்தான் குறைச்சல். கையெல்லாம் கறுப்பாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பாறையைக்கூட ஆயிரம் அடி துளைத்தவர் நீங்கள். உங்களுக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது, பல் டாக்டரான மகனிடம் பத்து நாள் மறைத்தீர்கள். அம்மாதான் போன் செய்தார்.

"ஒங்கப்பா ஒரு பக்கமாவே மெல்லுறாருப்பா. கேட்டா பசியில்லங்கிறாரு."

அது பயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருடம் போர்வெல் ரிக் சத்தத்துக்குள் நின்றவருக்கு, பல் துளைக்கும் என் விரல் நீள மிஷினிடம் என்ன பயம்? வில்லாபுரத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வரச்சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தேன். ஊசியைக் கையில் எடுத்து, எல்லோரிடமும் சொல்வதையே உங்களிடமும் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லப்பா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். வலிக்காது."

வலித்தது. சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகும் மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும், சில நேரம் சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. ஐந்து வருடம் படித்தவனுக்கு இது தெரியும். தெரிந்தும் காத்திருக்க முடியாமல் மிஷினைப் பல்லில் வைத்தேன். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். நான், "ஒரு நிமிசம்ப்பா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று தொடர்ந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கிவிட்டு எழுந்தீர்கள். நெஞ்சில் கட்டிய நீலத் தாளோடு படியிறங்கிப் போய்விட்டீர்கள்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது கண்டக்டர், "என்னண்ணே, விருந்துல இருந்து பாதியில எந்திரிச்சு வந்துட்டீகளா?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் தாளை அவிழ்த்தீர்களாம். அம்மா சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு நாள் கழித்து அம்மா அனுப்பிய போட்டோவில் உங்கள் தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். அது கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்கே இடைஞ்சல். அன்றே வாடிப்பட்டி வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே கத்தினேன்.

"உசுருக்கு ஆபத்துப்பா. சின்னப் புள்ளையா நீங்க?"

நீங்கள் கத்தவில்லை. "வலிக்காதுன்னு சொன்னேல்ல?" என்றீர்கள்.

"சொன்னேன்."

"நானுந்தான் போர் போடப் போற எடத்துல எல்லாம் தண்ணி வரும்னு சொல்றேன்."

பிறகு, "சரி, வேற டாக்டர்ட்டயாவது போவோம், வாங்க" என்றேன். ஊரார் வாயெல்லாம் பார்க்கிறேன், என் அப்பா என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். "வேற ஆளு எதுக்கு? நீயே பாரு. ஆனா நான் கையத் தூக்குனா மிஷின் நிக்கணும். ஏன் எதுக்குன்னு அப்பறம் கேளு. வண்டியில யாரு கை தூக்குனாலும் நான் நிப்பாட்டுவேன். ராடு மாட்டுறவன் தூக்குனாலும் நிப்பாட்டுவேன். அந்தச் சத்தத்துல வேற எப்படிச் சொல்லுவான்?"

வாயில் மிஷின் இருப்பவரும் வேறு எப்படித்தான் சொல்வார்? எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

அன்று சாயங்காலமே அழைத்து வந்தேன். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். "ஊசி போடுறப்ப பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும். அப்பறம் அமுக்குற மாதிரி இருக்கும். மிஷின் சத்தம் மண்டைக்குள்ள கேக்கும். இன்னைக்கு ஓட்டை போட்டுச் சீழ மட்டும் எடுக்குறேன். வேரை இன்னொரு நாள் பாக்கலாம்." நீங்கள் தலையாட்டினீர்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான பதினைந்து நிமிடம் கிடையாது.

மிஷினை ஓட்டினேன். கை மேலே வந்தது. நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன், மறுபடி கை. நிறுத்தினேன். மூன்றாவது முறையும் தூக்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப என்னப்பா? இன்னும் பல்லத் தொடவே இல்ல."

"தெரியுது. நிக்கிறியான்னு பாத்தேன்."

அதன் பிறகு அந்தக் கை வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது. கடைசி வரை எழவே இல்லை. பல்லுக்குள் அடைபட்டுக் கிடந்த சீழ் வெளியே வந்ததும் உங்கள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். கோணல் வாயோடு, "தண்ணி வந்துருச்சா?" என்றீர்கள்.

"வந்துருச்சு. ஆனா குடிக்கிற தண்ணி இல்ல."

நீங்கள் சிரித்த சிரிப்பில் நீலத் தாள் குலுங்கியது. அப்போதுதான் நானும் மூச்சு விட்டேன். நான் கொடுத்த மாத்திரையும் சேர்ந்துகொள்ள, நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. அம்மா போன் செய்து, "ரெண்டு பக்கமும் மெல்லுறாருப்பா, கறி பத்தலங்கிறாரு" என்றார்.

போன வருடம் உங்களுக்கு வந்த நெஞ்சுவலி யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. உங்களைக் கிடத்தியிருந்த துஷ்டி வீட்டில், உங்களோடு வண்டியில் வேலை பார்த்த ஒருவர் என் தோளைத் தொட்டார்.

"தம்பிதான் பல் டாக்டரா? அண்ணே ஒங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. எம்மவன் கொஞ்சம் அவசரக்காரன்தான், ஆனா கையத் தூக்குனா நிப்பாட்டிருவான்னு. எனக்கும் ஒரு பல்லு ஆடுது தம்பி."

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். காரியம் முடிந்ததும் வரச்சொன்னேன். வந்தார்.

நீங்கள் படியிறங்கிப் போன நாளோடு நமக்குள் எல்லாம் முடிந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று சில நேரம் நினைப்பேன். முடியவில்லை. நீங்கள் திரும்பி வந்தீர்கள். அந்த நிம்மதி எனக்குப் போதும்.

இப்போதெல்லாம் யாரிடமும் வலிக்காது என்று சொல்வதில்லை. எது வலிக்கும், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுகிறேன். கை தூக்கினால் நிற்கும் என்றும் சொல்கிறேன். சிலர் ஐந்தாறு முறை தூக்குகிறார்கள். எரிச்சல் வரத்தான் செய்கிறது. பொறுமை வந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் அப்பா. நிறுத்துகிறேன், அவ்வளவுதான்.