நாலாவது தூண் பாக்கி

மார்ச் 3, செவ்வாய்

மாத்திரை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போய் வந்தேன். லிஃப்ட் இன்றும் ஓடவில்லை. நாற்பத்தோரு வருடம் பாலம் கட்டினவள், மூன்று மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கிறேன். மருந்துக் கடைக்காரர், "என்ன இன்ஜினியரம்மா, ஆளையே காணோம்" என்றார். போன வாரம்தான் போயிருந்தேன். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தைக்காக, இனிமேல் மாத்திரைப் பட்டையைப் பாதிப் பாதியாக வெட்டி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். இன்றைக்கு வேறு யாரோடும் பேசவில்லை.

மார்ச் 5, வியாழன்

பொறியாளர் சங்கத்தின் செயலாளர் கூப்பிட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த சிவில் இன்ஜினியர்களுக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம். இருபத்தெட்டாம் தேதி, சங்கத்து மாடி அரங்கில். மொத்தம் ஆறு பேர். பெண் நான் ஒருத்திதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு வேறு வேலை இருக்கிறதா என்று டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். டைரியில் என்ன இருக்கிறது, மாத்திரையும் லிஃப்டும்தான் இருக்கிறது!

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் நம்மைப் பற்றிச் சங்கத்துக்காரர்கள் பேச மாட்டார்கள். ஒரே வேலைத்தளத்தில் நம்மோடு நின்று வேலை பார்த்த ஒருவர்தான் பேச வேண்டும். காகிதத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், பக்கத்தில் நின்றவருக்குத்தான் உண்மை தெரியும் என்று முன்னாள் தலைவர் ஒருவர் வைத்த ஏற்பாடாம். உங்களுக்கு யார் பேசுவார்கள் என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என் முதல் மேலதிகாரி போய்ச் சேர்ந்துவிட்டார். வரைபடம் போடுகிறவர், கம்பி கட்டும் மேஸ்திரி, இருவரும் போய்விட்டார்கள். காங்கிரீட் சோதனைக்கூடத்தில் இருந்தவருக்கு மறதி. போன வருடம் பார்த்தபோது என்னைத் தன் அத்தை என்று நினைத்துக் காலில் விழப் பார்த்தார். மிச்சம் இருப்பது பெரிய பாலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்த இன்ஜினியர், நாங்கள் நெட்டையர் என்று கூப்பிடுகிறவர், அவர் ஒருவர்தான்.

நெட்டையரா? ஐயோ, வேண்டவே வேண்டாம்.

மார்ச் 6, வெள்ளி

நான் சொல்வதற்கு முன்பே செயலாளர் பழைய பட்டியலைப் பார்த்து நெட்டையரைக் கூப்பிட்டுவிட்டார். அதிகப்பிரசங்கி. மாலையில் நெட்டையரே கூப்பிட்டார். இருபத்தாறு வருடம் கழித்து.

"மேடம், உங்களப் பத்தி நான் பேசாம வேற யாரு பேசறது?" என்றார்.

நாற்பது நிமிடம் பேசினார். பெரிய பாலத்து வேலைத்தளத்தில் ஹெல்மெட் போடாமல் வந்த அமைச்சரை நான் திருப்பி அனுப்பினேனாம். எனக்கு மறந்தே போயிருந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்தபின் வீடு எப்படி அமைதியாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மகன் கூப்பிட்டான். சாப்பிட்டியா, பிரஷர் பார்த்தியா, சரிம்மா வெச்சுடறேன். விழா பற்றிச் சொன்னேன். சூப்பர்மா என்றான். வர முடியாது, விடுமுறை கிடைக்காது. நானும் வரச் சொல்லவில்லை. வேலைத்தளத்தில் இருந்தபோது அவன் பள்ளிக்கூட விழா எத்தனைக்கு நான் போனேன்?

மார்ச் 11, புதன்

நெட்டையர் தினமும் கூப்பிடுகிறார். பேச்சுக்குக் குறிப்பு எடுக்கிறாராம். அது சாக்கு என்று இருவருக்கும் தெரியும். ஐந்து மணியிலிருந்தே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுபத்தொரு வயதில் இது என்ன கூத்து.

இன்றைக்கு அந்தப் பேச்சை அவரே எடுத்துவிட்டார்.

"நாலாவது தூண் விஷயத்துல நீங்க மட்டும் ரிப்போர்ட்ல மிதமா எழுதலேன்னா என் வேலையே போயிருக்கும், மேடம். அத நான் மறக்கல."

பால் பொங்குகிறது என்று பொய் சொல்லி வைத்தேன். அடுப்பே பற்றவைக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் ஆகும்.

பாலத்தின் மேல்தளம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். அது நகர்வதற்காகத் தூணின் தலையில் பேரிங் வைப்போம். தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் ஆடாமல் இருக்க, பேரிங்கை இரும்புப் பட்டை போட்டுப் பூட்டி அனுப்புவார்கள். பாலத்தைத் திறக்கும் முன்பு எல்லாப் பட்டைகளையும் கழற்றிவிட வேண்டும். பெரிய பாலத்தில் ஏழு தூண். கழற்றும் பொறுப்பு நெட்டையருடையது. பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னுடையது.

ஆறு தூண் முடிந்தது. நாலாவது ஆற்றின் நடுவில் இருந்தது. தண்ணீர் அதிகம், படகு வரவில்லை. அன்று அவருடைய அப்பா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. என் மேசையில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு அவர் ஊருக்கு ஓடினார். சீட்டை நான் படித்தேன். நாளைக்கு வேறு ஆளை அனுப்பலாம் என்று டைரிக்குள் வைத்தேன். திறப்பு விழா நெருக்கடியில் நாளை, நாளை மறுநாள் ஆயிற்று. பிறகு அடியோடு மறந்துபோய், ஏழுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது கோடையில், மேல்தளம் நகர முடியாமல் தள்ளி, நாலாவது தூணின் தலை வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணை வைத்தார்கள். நடைக்கூடத்தில் நெட்டையர் என்னிடம் வந்து, நான் சீட்டு எழுதி வெச்சேனா மேடம், அப்பா போன பதட்டத்துல எனக்கு ஒண்ணும் நினைவில்லயே என்று கேட்டார்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

அறிக்கையில், தந்தையை இழந்த நேரத்தில் நேர்ந்த மறதி, கடுமை வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதினேன். த்தூ. அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். எட்டு வருடம் சிமெண்ட் மூட்டையை எண்ணிவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். முப்பத்துமூன்று வருடம்தான் கணக்கு. அதனால் சங்கத்தின் பட்டியலில் அவர் இல்லை. நான் இருக்கிறேன்.

மார்ச் 14, சனி

பரணில் இருந்து பழைய வேலைத்தள டைரிகளை இறக்கினேன். சீட்டு அங்கேயேதான் இருக்கிறது. "நாலாவது தூண் பாக்கி. படகு இல்லை. அப்பா தவறிட்டார், போறேன்." தேதி, மணி, கையெழுத்து. மனுஷன் அந்த நேரத்திலும் மணி போட்டிருக்கிறார்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன். வாய் வரை வந்தது. நெட்டையர் தன் பேரனின் பல் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மென்று விழுங்கினேன்.

சொன்னால் நாளையிலிருந்து யார் கூப்பிடுவார்கள்? இத்தனை வருடம் சும்மா இருந்தது இன்னும் ஒரு பத்து நாள் இருந்தால் என்ன? அவருக்கே இப்போது அது பழைய கதைதானே?

இப்படித்தான் அன்றைக்கும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

நெட்டையர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். கொடுப்பேன் என்று நினைத்துப் போகவில்லை. வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

சின்ன வீடு, துடைத்துவைத்தது போல இருந்தது. நெட்டையருக்கு முதுகு கூனி நெட்டை போய்விட்டது. இப்ப எங்க மேடம் நெட்டை, வெறும் பேருதான் என்று அவரே கேலி செய்துகொண்டார். பேச்சை வாசித்துக் காட்டினார். நாலு பக்கம். ஒவ்வொரு வரியும் புகழ்ச்சி.

அவர் தண்ணீர் பிடிக்க உள்ளே போனபோது அவர் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டப் பூட்டிட்டு தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிப் பார்ப்பார், மேடம். ஒரு தடவ இல்ல, மூணு தடவ. பொண்ணு கல்யாணத்துல மண்டபச் சாவியைக்கூட கையில வாங்கல. நான் மறந்துடுவேன், என்னை நம்பாதீங்கன்னு சொல்லிட்டார். அந்தத் தூணுக்கப்புறம் தன்னையே நம்பறதில்ல."

ஒரு வேலையைத்தான் அவரிடமிருந்து பிடுங்கினேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் செம்போடு வந்தார். கைப்பையைத் திறந்து சீட்டை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"என் எழுத்துதான்" என்றார்.

"ஆமா."

"நான் கேட்டேனே, மேடம்."

"கேட்டீங்க."

"அப்ப உங்களுக்கு ஞாபகம் இருந்துதா?"

"இருந்துது."

அவர் செம்பை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார், கதவைச் சாத்திக்கொண்டார். நான் எச்சில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவர் மனைவிதான், நீங்க கெளம்புங்க மேடம் என்றார். சீட்டு அவரிடமே இருக்கட்டும். அது அவருடையது.

மார்ச் 22, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. மகன்கூட.

மார்ச் 23, திங்கள்

நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்று பழைய இலாகாவுக்கு. ஒன்று நெட்டையருக்கு. மூன்றாவதை எடுத்துக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போய்ச் செயலாளரிடம் கொடுத்து, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "எடுக்கறதும் வைக்கறதும் நாங்க சொல்றதில்லம்மா. பக்கத்துல நின்னவர் சொல்லட்டும்" என்றார். அவர் வராவிட்டால் என்று கேட்டேன். அறிமுகம் இல்லாமல் மரியாதை கிடையாது, அதுதான் வழக்கம் என்றார்.

சரி. அதுவே நியாயம்.

மார்ச் 26, வியாழன்

புடவையை இஸ்திரி போட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 28, சனி

போனேன். மற்ற ஐந்து பேருக்கும் மகன், மருமகள், பேரன் என்று வரிசை நிறைந்திருந்தது. என் பக்கத்து நாற்காலிகளில் யாரோ குடையும் பையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அணை கட்டினவரைப் பற்றி அவருடைய பழைய லாரி ஓட்டுநர் பேசினார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

என் பெயரை வாசித்தார்கள். மேடைக்குப் போய் நின்றேன். சற்று நேரம் யாரும் வரவில்லை. இறங்கிவிடலாம் என்று திரும்பும்போது பின்வரிசையிலிருந்து நெட்டையர் எழுந்து வந்தார்.

நாலு பக்கத்தையும் வாசித்தார். ஒரு வரி விடவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை, என் பக்கம் பார்க்கவில்லை. வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

"பெரிய பாலத்துல நாலாவது தூண் வெடிச்சுது, உங்கள்ல சில பேருக்குத் தெரியும். அது என்னாலன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். என்னால இல்ல. இவங்களால. அத மறைச்சாங்க. இப்ப இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றினார்.

"மத்தபடி நான் இப்ப வாசிச்சதெல்லாம் நிஜம். பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரியும். குடுத்துடுங்க."

இறங்கிப் போய்விட்டார். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். நாலைந்து பேர் கைதட்டினார்கள், பிறகு அதுவும் நின்றது. தேநீர் நேரத்தில் என்னருகில் யாரும் வரவில்லை. வாசலுக்கு வேகமாகப் போய்ப் பார்த்தேன். அவர் எப்போதோ கிளம்பியிருந்தார். வீட்டுக்கு வந்து, கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

ஏப்ரல் 1, புதன்

மழை. பேச்சுத்துணைக்கு ரேடியோ.

ஏப்ரல் 6, திங்கள்

காலை பத்தரைக்குக் கைபேசி அடித்தது. நெட்டையர் எண். சட்டென்று எடுத்தேன். அவர் இல்லை, அவர் மனைவி.

"ஆத்துப்பாலம் ஒண்ணு பழசாயிடுச்சாம், வந்து பார்த்துச் சொல்லுங்கன்னு நகராட்சியில ரெண்டு வருஷமா கேட்டுட்டிருந்தாங்க, மேடம். நான் பார்த்துச் சொன்னா தப்பாயிடும்னு மாட்டேன்னுட்டார். இன்னைக்குக் காலையில அவரே ஃபோன் பண்ணி வரேன்னு சொல்லிட்டு, ஏணிய ஆட்டோ மேல கட்டிக்கிட்டுப் போயிட்டார். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

கொஞ்சம் நிறுத்தி, "ஃபோன மறந்து வெச்சுட்டுப் போயிருக்கார், அதான் கூப்பிட்டேன். நீங்க இங்க கூப்பிட வேணாம். உங்க பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறார்" என்றார்.

இந்த வயதில் ஏணியா, கீழே யார் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்தேன்.