திருக்கோவில் பழசு

அன்பு மச்சான் நஸீர்,

உன் கபுறுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும். இத்தனை வருஷமாக உனக்கு ஒரு துஆவோடு நிறுத்திக்கொண்டவன் இன்றைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால், வேறு யாருக்கும் முகம் கொடுக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

சண்டை முடிந்துவிட்டது மச்சான். கல்முனையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் பஸ் ஓடுகிறது, யாரும் மறித்து இறக்குவதில்லை. கடற்கரையில் உன் ஸ்டூடியோ இருந்த வளவில் யாரோ வீடு கட்டுகிறார்கள். சுனாமிக்கு முன்னால் நீ என் சம்மாந்துறை வீட்டில் கொண்டுவந்து வைத்த ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் உன் தொழிலில் மிச்சம். அதை வைத்துக்கொண்டுதான் நானும் ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன்.

கல்யாணப் படங்களைப் பெண்ணின் ஊர்ப் பெயரில்தான் நீ போட்டு வைப்பாய். நம்ம பக்கம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறவர், படம் கேட்டு வருவதும் பெண்ணைப் பெற்றவள்தான் என்பாய். ‘திருக்கோவில்’ என்று ஒரு கோப்புறை. அதே படங்களின் பிரதிக்கு ‘திருக்கோவில் பழசு’ என்று இன்னொன்று.

போன மாதம் திருக்கோவிலிலிருந்து பூரணம் அக்கா போன் கோல் எடுத்தார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நீதான் படம் பிடித்தாய். அந்த மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது, வீட்டோடு கல்யாண அல்பமும் போய்விட்டது. முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும் என்றார். ஓம் அக்கா, இரிக்கி, நாளைக்கு வாங்க என்றேன். பெருமை வேறு எனக்கு.

அன்றைக்கே ஒரு புதுக் கல்யாண வீடியோவை ஏற்ற டிஸ்க்கில் இடம் போதவில்லை. அசல்தான் இருக்கிறதே, பிரதியை அழிப்போம் என்று கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினேன்: அழி, திருக்கோவில் பழசு. மேற்கோள் குறி போடவில்லை. குறி இல்லாவிட்டால், நடுவில் இடைவெளி உள்ள ஒரு பெயரை அது இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும். முதலில் ‘திருக்கோவில்’ என்ற அசலைச் சத்தமில்லாமல் அழித்தது. பிறகு ‘பழசு’ என்று ஒன்றும் இல்லையே என்று ஒரு வரி காட்டியது.

நான் அந்த வரியை மட்டும்தான் பார்த்தேன். ஒன்றும் அழியவில்லையாக்கும் என்று எண்ணி, பெரிய கெட்டிக்காரன் மாதிரி, இடைவெளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு மறுபடி தட்டினேன். அந்தக் கோடு இருந்தால் இடைவெளியும் பெயரோடு சேர்ந்துவிடும். சேர்ந்தது, பிரதியும் போனது. பிழையாக எழுதி ஒன்றை அழித்தேன், சரியாக எழுதி மற்றதை அழித்தேன். அந்த இடத்தில் வீடியோவையும் ஏற்றி, மீட்கிற வழியையும் அடைத்தேன்.

மறுநாள் அக்கா வந்து உட்கார்ந்த பிறகுதான் தேடினேன்; இரண்டு கோப்புறையும் இல்லை, என் கை செய்த வேலை அப்போதுதான் விளங்கியது. படத்தைப் போட ஒரு சட்டகம் வாங்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“நஸீர்ட டிஸ்க்ல கடல் தண்ணி போயிருக்கு அக்கா.”

தூ! ஒரு சொட்டுத் தண்ணீர் படாத டிஸ்க் மச்சான்.

அவர் அழவில்லை. எனக்கல்லவா ஆறுதல் சொன்னார்.

“கடல் செஞ்ச வேலைக்கு நீங்க என்ன செய்யிற தம்பி? நஸீர் தம்பியும் பாவம்தானே.”

வெறும் சட்டகத்தைத் திரும்பவும் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். வெட்கத்தில் நான் வாசல்வரைகூடப் போகவில்லை. உன்னைக் கொன்ற கடலையே எனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டேனே, நீ இருந்திருந்தால் என்னோடு கதைப்பாயா?

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் திருக்கோவிலுக்கு பஸ் ஏறுகிறேன். அழித்தது என் கைதான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஏசினால் கேட்டுக்கொள்வேன், கதவைச் சாத்தினால் வெளியில் நிற்பேன். அவருடைய மகளைக் கடல் ஒருமுறைதான் எடுத்தது. இரண்டாம் முறை எடுத்தவன் நான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
றிஸ்வான்