படர்ந்ததா, குவிந்ததா

இன்று காலை நம் மகளின் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். நாமக்கல்லில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனை நிலையம் இருக்கிறது. ஊசி போட்ட பெண் மஞ்சள் மூடிக் குழாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தாங்கியில் செருகினாள். "மத்தியானத்துக்குள்ள போனுக்கே வந்துருமுங்க ஐயா. நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றாள். மகள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிட்டாள். நான் போகவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கழுத்தில், உனக்கு இருந்த அதே இடத்தில், ஒரு வீக்கம். விழுங்கும்போது அது ஏறி இறங்குகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அப்போது நீ சேலம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். "ஊரே என் தொண்டைலதானுங்க பேசிக்குது" என்பாய். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுவை மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லாட்டம் இருக்குது. வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது" என்று அடுத்த வாரமே நாள் குறித்துவிட்டார். குரலுக்கான நரம்பு கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியை ஒட்டியே போகிறது என்றும் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் பேருந்தில் பேசிக்கொண்டே வந்தாய், குரலைச் செலவழித்துத் தீர்த்துவிடுகிறவளைப் போல.

நான் ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். உடம்பு தன்னையே எதிர்த்து எதையும் உண்டாக்காது என்றுதான் எங்கள் ஆசிரியர்களின் ஆசிரியர்கள் நம்பியிருந்தார்கள். பிறகு வெளிநாட்டில் சிலர், கழுத்து வீங்கியவர்களின் ரத்தநீரைத் தைராய்டுச் சாற்றோடு சேர்த்தபோது இரண்டும் சந்தித்த இடத்தில் வெள்ளையாகப் படிவதைக் கண்டார்கள். சுரப்பியை அந்நியமென்று எண்ணி, உடம்பே அதற்கு எதிர்ப்பொருள் செய்திருந்தது. உனக்கு இதை விளக்கியபோது, "பங்காளிச் சண்டைன்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்குங்க கத்தி?" என்றாய்.

அந்தக் கேள்வியோடு பெரிய மருத்துவரிடம் போனேன். எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தால் கத்தியைத் தள்ளிவைத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அதைச் சோதிக்கத் தெரிந்தவன் எங்கள் கூடத்தில் நான் ஒருவன்தான். எனக்குத் தெரியும் என்பதையே நான் முழுதாக நம்பியதில்லை.

வழிமுறை இதுதான். ஆட்டின் சிவப்பணுக்களைக் கழுவி, தோல் பதனிடும் துவர்ப்பு அமிலத்தில் பக்குவப்படுத்தி, அவற்றின் மேல் தைராய்டுப் புரதத்தைப் பூச வேண்டும். நோயாளியின் ரத்தநீரைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், குழாய்களில் வரிசையாக விட்டு, இந்த அணுக்களைச் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் குழாயின் அடியில் அணுக்கள் பாய்போலப் படரும். இல்லையென்றால் சிவந்த புள்ளியாகக் குவியும். கடைசிக் குழாயில் மட்டும் அதே ரத்தநீரோடு புரதம் பூசாத வெறும் ஆட்டணு. அது குவிந்தே ஆக வேண்டும். அதுதான் கன்ட்ரோல், நாம் ஏமாறவில்லை என்பதற்குச் சாட்சி.

முதல் சோதனையில் எல்லாமே படர்ந்தன, கன்ட்ரோலும்கூட. உன் ரத்தம் சுரப்பியோடு சண்டையிடுகிறதா, ஆட்டோடா என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

"ஆட்டோட எனக்கென்னுங்க சண்டை? ஞாயித்துக்கிழமையானா திங்கத்தானே செய்யறேன்?"

"அதான் அதுக்குக் கோவமோ என்னமோ" என்றேன். உன் முன்னால் நான் செய்த அபூர்வமான பகடிகளில் அது ஒன்று.

பரிகாரம் இருந்தது. ரத்தநீரை வெறும் ஆட்டணுக்களோடு சிறிது நேரம் ஊறவைத்தால், ஆட்டோடு சண்டைக்குப் போகிறவை அவற்றில் ஒட்டிக்கொள்ளும். அவற்றை நீக்கிவிட்டு மீதியைச் சோதிக்கலாம். ஆனால் அணுக்கள் தீர்ந்துவிட்டன. மற்ற ஆடுகளின் அணுக்கள் அமிலத்தில் தாமாகவே கட்டிக்கொண்டன. தாங்கி நின்றது ஓமலூர்ப் பக்கம் ராமாயி என்பவள் வளர்த்த ஒரு கிடாயின் ரத்தம்தான்.

நீயும் கூட வந்தாய். ராமாயி கையை விரித்துவிட்டாள். "ஆடி நோம்பிக்கு ஆத்தாளுக்கு நேந்து உட்டுட்டனுங்க சாமி. இனி ஊசி படக்கூடாதுங்க."

நான் திரும்ப எத்தனித்தேன். நீ அவள் கையைப் பிடித்து உன் கழுத்தில் வைத்தாய். "அக்கா, ஆத்தாளையே கேட்டுருவமுங்களா?"

ராமாயி சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கிடாயின் முதுகில் ஊற்றினாள். "துலுக்குச்சுன்னா ஆத்தா சம்மதமுங்க, எடுத்துக்குங்க அம்மிணி. இல்லீன்னா என்னைய ஒண்ணும் சொல்லப்படாது."

கிடா நின்றது. தண்ணீர் அதன் விலாவில் வழிந்து மண்ணில் சொட்டியது. அது கண்ணைக்கூட அசைக்கவில்லை. படித்தவன், முறை தவறாதவன், ஓர் ஆடு உடம்பை உதறுமா என்று மூச்சடக்கி நின்றேன். நீ என் காதருகே குனிந்தாய். "கன்ட்ரோலுக்கு இன்னொரு ஆட்டு மேலயும் ஊத்திப் பாக்கலாமுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கிடா கழுத்திலிருந்து வால் வரை சிலிர்த்து உதறியது. மூன்று பேர் மேலும் மஞ்சள் தண்ணீர்.

மறுநாள் காலையில் குழாய்களை வைத்தேன். மேசை அதிர்ந்தால் எல்லாம் வீண். சாலையில் லாரி போகும்போதெல்லாம் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன், பிடித்தால் நிற்கும் என்பதுபோல. மத்தியானம் வேலையிடைவேளையில் நீ வந்தாய். பார்க்கும் நேரம் கடந்தும் நான் குழாய்களைப் பார்க்காமல் இருந்தேன்.

"எதைய மொதல்ல பாக்கோணும்?"

"கன்ட்ரோலை."

"அப்ப அதைப் பாருங்க."

புள்ளி. ஊசி முனையால் வைத்ததுபோல் சிவந்த புள்ளி. அதன் பிறகே மற்றவற்றைப் பார்க்கத் துணிந்தேன். முதல் குழாய் படர்ந்திருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, மிகமிக நீர்த்ததுகூடப் படர்ந்திருந்தது. நீ கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோய், "பங்காளிகதான்" என்றாய். பிறகுதான் அழுதாய்.

அறுவையைத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிந்திய மாதங்களை நீ சிரித்தபடி கடந்தாய்; நான் கடக்கவில்லை. தினமும் காலையில் உன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். என் கண் தவறியிருந்தால்? கல் மெல்ல மாவாகி, மாவு கரைந்தது. நீ ஓய்வுபெறும் வரை ஊர் உன் தொண்டையிலேயே பேசியது. நீ கண்மூடும் வரை கன்ட்ரோலைச் சொல்லியே என்னைச் சீண்டினாய். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் நான் திரும்பினால், "கன்ட்ரோல் பாத்தாச்சுங்களா?" என்பாய்.

பிறகு இந்தச் சோதனைக்கு ஒளிரும் சாயம் வந்தது, நிறம் மாறும் தட்டு வந்தது. இப்போது ஓர் இயந்திரம் ஒளியை அளந்து எண்ணாகச் சொல்லிவிடுகிறது. கிடாய்களுக்கு ஆத்தா மட்டும்தான் மிச்சம்.

இன்று ஊசி போட்ட அந்தப் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இன்னைக்கு மெஷின்ல கன்ட்ரோல் போட்டீங்களாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "காலைலயே போட்டாச்சுங்க ஐயா. சரியாத்தான் வந்துச்சுங்க. யாருமே இதைக் கேக்க மாட்டாங்களே!"

சற்று முன் மகளின் போனுக்கு முடிவு வந்தது. எதிர்ப்பொருள் வரம்பைத் தாண்டி எங்கோ நிற்கிறது. இடைவேளையில் என்னை அழைத்தாள்.

"பங்காளிச் சண்டைதான் சாமி" என்றேன். "கழுத்த ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொல்லுவாரு. அனேகமா மாத்திரைலயே அடங்கிரும்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல். அதற்கிடையே கேட்டாள்:

"கன்ட்ரோல் பாத்தாச்சுங்களாப்பா?"

உன் குரல். கத்தி படாத குரல். போனைக் காதிலிருந்து எடுக்க மனமில்லாமல், "பாத்துட்டேன் சாமி" என்றேன்.